பூட்டும் நாதாங்கியும்

(மென்பொருள் கோப்புகளின் பாதுகாப்பு குறித்து ஒரு சிறு கட்டுரை)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

மனிதன் என்று பொருள் சேர்க்கத் தொடங்கினானோ அன்றே பூட்டும் பிறந்திருக்க வேண்டும். நெல்லுக்குக் குதிர், நகைக்குப் பேழை, பத்திரத்துக்கு இரும்புப் பெட்டி என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற காவலை நம் முன்னோர் வைத்தனர். கணிப்பொறி மாணவர்களாகிய நம்முடைய பொருள் நெல்லுமன்று, பொன்னுமன்று. நாம் இரவு பகலாக எழுதிச் சேர்க்கும் நிரல்களும், அவற்றைத் தாங்கும் கோப்புகளும், அக்கோப்புகளை அடக்கி வைக்கும் கோப்புறைகளுமே நமது செல்வம்.

இச்செல்வத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. குதிரிலிருந்து நெல்லைத் திருடினால் குதிர் குறைந்து காட்டிக்கொடுக்கும். கோப்பைத் திருடினாலோ எதுவும் குறைவதில்லை. படி எடுத்தவன் போன பின்னும் கோப்பு வைத்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இங்கு காவல் முன்கூட்டியே அமைய வேண்டும்.

அனுமதியற்றவர் கோப்பை நெருங்கினால் மூன்று கேடுகள் விளையலாம். படிக்கக் கூடாததைப் படிக்கலாம், உள்ளதை மாற்றலாம், அல்லது அடியோடு அழித்துவிடலாம். இவை மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றைத் தடுக்கும் காவல் மற்றொன்றைத் தடுக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு. அத்தவறைச் செய்து துன்புற்றவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் கோப்பு மறைந்த கதை

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு சிறு மென்பொருள் செய்து காட்ட வேண்டியிருந்தது. நான் எடுத்துக்கொண்டது பூட்டுப் பட்டறைத் தொழிலாளர்களின் கூலிக் கணக்கு. என் தந்தையார் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் பணிபுரிகிறார். எத்தனை பூட்டு முடித்தாரோ அத்தனைக்குத்தான் கூலி. சனிக்கிழமை மாலையில் சிகரெட் அட்டையின் பின்புறம் அவர் போடும் கணக்கைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கணக்கைக் கணிப்பொறி போட வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் வீட்டில் கணிப்பொறி இல்லை. ஆய்வகத்தில் மாலை ஐந்து மணி வரை கிடைக்கும் நேரமே எனக்கு நேரம். மூன்று வாரங்கள் உழைத்து சி மொழியில் நிரலை எழுதினேன். கோப்புக்கு 'பில்.சி' என்று பெயரிட்டேன்.

வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில், எல்லோரும் தத்தம் நிரல்களை வைப்பதற்கு லினக்ஸ் வழங்கியில் ஒரு பொதுக் கோப்புறையை உருவாக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. யாருக்கும் தடை வரக்கூடாதே என்று 'சிஎச்மோட் 777' என்ற கட்டளையைக் கொடுத்து அக்கோப்புறையை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். என் கோப்பை மட்டும் 'சிஎச்மோட் 444' கொடுத்துப் பூட்டினேன். 444 என்றால் எவரும் படிக்கலாம், எவரும் எழுத முடியாது என்று பொருள். இனி என் நிரலை யார் என்ன செய்ய முடியும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கோப்பைத் திறந்தேன். 'பில்.சி' இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது மளிகைக் கடைக் கணக்கு! கோப்பின் உரிமையாளர் பெயரைப் பார்த்தால், என்னுடன் ஒரே பெஞ்சில் அமரும் நண்பன். திட்டத்தைக் காட்ட நான்கே நாட்கள் இருந்தன. கோபத்தில் வகுப்பறை என்றும் பாராமல், "டேய், திருட்டுப் பயலே!" என்று கத்திவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அவன் செய்த குற்றம்தான் என்ன? அவனும் தன் நிரலுக்கு 'பில்.சி' என்றே பெயர் வைத்திருந்தான். அதைத் தன் கோப்புறையிலிருந்து பொதுக் கோப்புறைக்கு நகர்த்தினான். "இப்பெயரில் எழுத இயலாத கோப்பு ஒன்று உள்ளது, மாற்றிவிடலாமா?" என்று கணிப்பொறி கேட்டது. தான் முன்பு வைத்த பழைய படியாக இருக்கும் என்று எண்ணி 'ஆம்' என்றான். அவ்வளவே.

எழுத முடியாதபடி பூட்டிய கோப்பு எப்படி அழிந்தது? இந்த வினாவே என்னைப் படிக்க வைத்தது.

காவலின் தொடக்கம்

ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கியபோதுதான் கோப்புக் காவலின் தேவை எழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர் குழுவினரும் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு 1961ஆம் ஆண்டு முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. ஒவ்வொருவர் கோப்பும் அவரவருக்கே என்று பிரிக்க, பாஸ்வேர்டு எனப்படும் கடவுச்சொல் அதில் பயன்படுத்தப்பட்டது.

காவல் வந்ததும் காவலை மீறும் கலையும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கணிப்பொறி நேரம் தரப்பட்டிருந்தது. அது போதாமல் 1962இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு துளை அட்டையில் விண்ணப்பம் எழுதிப் போட்டார். அமைப்பும் கேள்வி கேட்காமல் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. கணிப்பொறி நேரத்துக்காக ஏங்கும் நம்மைப் போன்ற ஒரு மாணவரே இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது வியப்பன்றோ!

1966இல் நிகழ்ந்தது அதைவிடச் சுவையானது. அதே அமைப்பில் இரு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒருவர் கையில் இருந்தது கடவுச்சொற்களின் கோப்பு. மற்றவர் கையில் இருந்தது அன்றைய அறிவிப்பு. திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை ஒரே இடத்தில் உண்டாக்கியது. இரண்டும் இடம் மாறின. அதன் பின் கணிப்பொறியில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்சியளித்தன. கோர்பாட்டோ தமது டூரிங் பரிசு உரையில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரே பெயர், ஒரே இடம், இரு கைகள். இதைப் படித்தபோது, என்னையும் என் நண்பனையும் பற்றி யாரோ எழுதி வைத்தது போல் எனக்குத் தோன்றியது.

மூவகை மக்கள், மூவகை உரிமை

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பைத் தொடங்கினர். நம் ஆய்வகத்தில் ஓடும் லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றுவது. இவ்வமைப்பு கோப்பை அணுகுவோரை மூன்றாகப் பிரிக்கிறது: உரிமையாளர், குழுவினர், மற்றவர். ஒவ்வொரு பிரிவினருக்கும் மூன்று உரிமைகள் உண்டு: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பெண். கூட்டினால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக 640 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கம் 6 ஆதலால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். இரண்டாவது 4 ஆதலால் குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். மூன்றாவது சுழி ஆதலால் மற்றவருக்கு எதுவும் இல்லை. 777 என்பதன் பொருள் இப்போது விளங்கும். வந்தவர் போனவர் அனைவருக்கும் எல்லா உரிமையும்!

விண்டோஸ் அமைப்பின் என்.டி.எஃப்.எஸ். முறையில் இது சற்று விரிவானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல் இணைக்கப்பட்டு, இன்னாருக்கு இன்ன உரிமை என்று தனித்தனியே எழுதப்படும். முறை வேறு, கருத்து ஒன்றே.

கோப்புறை என்பது என்ன?

இங்குதான் என் புதிருக்கு விடை இருந்தது. கோப்புறையை நாம் ஒரு பெட்டியாகவும் கோப்புகளை அதனுள் இருக்கும் காகிதங்களாகவும் கற்பனை செய்கிறோம். உண்மையில் யூனிக்ஸ் வகை அமைப்புகளில் கோப்புறை என்பது ஒரு பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும், அப்பெயருக்குரிய கோப்பு எங்குள்ளது என்பதைக் காட்டும் ஓர் எண்ணும் இருக்கும்.

ஆகவே கோப்புறையின் உரிமைகளுக்குப் பொருளே வேறு. படிக்கும் உரிமை இருந்தால் பட்டியலில் உள்ள பெயர்களைக் காணலாம். இயக்கும் உரிமை இருந்தால் அதன் வழியே உள்ளே நுழைந்து கோப்பை அடையலாம். எழுதும் உரிமையும் உடன் சேர்ந்தால் பட்டியலில் புதிய பெயரைச் சேர்க்கலாம், இருக்கும் பெயரை அடிக்கலாம், மாற்றலாம்.

ஒரு கோப்பை அழிப்பது என்றால் பட்டியலில் அதன் பெயரை அடிப்பது. அதற்குக் கோப்புக்குள் ஓர் எழுத்தைக்கூட எழுத வேண்டியதில்லை. எனவே கோப்பின் எழுதும் உரிமையை அமைப்பு அங்கே பார்ப்பதே இல்லை. கோப்புறையின் எழுதும் உரிமையை மட்டுமே பார்க்கிறது. நான் கோப்புக்கு 444 என்று பூட்டுப் போட்டேன். கோப்புறையை 777 என்று திறந்து வைத்தேன். நண்பனுக்குக் கணிப்பொறி தந்த எச்சரிக்கைகூட நகர்த்தும் கட்டளை மரியாதைக்குக் கேட்ட கேள்விதான், அது தடையன்று.

இதை ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது தந்தையாரிடம் சொன்னேன். அவருக்குக் கணிப்பொறி தெரியாது. பாதி கேட்டதுமே சிரித்துவிட்டார். "ஏப்பா, மாங்காப் பூட்டப் போட்டுட்டு நாதாங்கியப் பாக்காம விட்டா எப்படி? பூட்ட எவன் ஒடைப்பான்? நாதாங்கியத்தான் நெம்புவான்" என்றார். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்யும் கைகளுக்கு உரியவர் சொன்ன சொல் இது. நான் நான்கு நாள் நூலகத்தில் தேடிய விடையை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கோப்பின் உரிமை பூட்டு என்றால், கோப்புறையின் உரிமை நாதாங்கி.

இதற்குத் தீர்வு இரண்டு. எல்லோரும் எழுத வேண்டிய பொதுக் கோப்புறை என்றால் 777 என்பதன் முன் 1 சேர்த்து 1777 என்று கொடுக்க வேண்டும். 'ஸ்டிக்கி பிட்' என்று அழைக்கப்படும் இக்குறி இருந்தால், ஒரு பெயரை அடிக்கவோ மாற்றவோ அக்கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், தலைமை நிர்வாகி ஆகியோரால் மட்டுமே முடியும். இதனினும் சிறந்தது, ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை அமைத்து 700 அல்லது 750 என்று உரிமை வழங்குவது.

பூட்டைச் சுற்றிக்கொண்டு வருபவர்

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது. மேற்கூறிய உரிமைகளைக் காப்பது ஓடிக்கொண்டிருக்கும் இயக்க அமைப்பு. வட்டைக் கழற்றி, தானே நிர்வாகியாக உள்ள வேறொரு கணிப்பொறியில் ஒருவர் பொருத்திவிட்டால் நம் 640உம் 700உம் வெறும் எண்களே. மேலும், சாதாரணமாக நாம் பயன்படுத்தும் பென் டிரைவ்களில் உள்ள ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் முறைகள் இவ்வுரிமைகளைக் குறித்து வைப்பதே இல்லை. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லும்போது பூட்டை ஆய்வகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இதற்கு மருந்து மறையாக்கம். கோப்பின் உள்ளடக்கத்தையே திறவுகோல் இல்லாதவருக்குப் புரியாத வடிவமாக மாற்றிவிடுவது இதன் வழி. பெல்ஜியம் நாட்டு அறிஞர்களான யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் வகுத்த முறை 2001இல் ஏ.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்க அரசின் தர முறையாக ஏற்கப்பட்டது. அதன் மிகச் சிறிய திறவுகோலே 128 பிட் நீளமுடையது. எத்தனை திறவுகோல்கள் இருக்கக் கூடும் என்று கணக்கிட்டால் 39 இலக்கங்கள் கொண்ட எண் வரும். ஒவ்வொன்றாக முயன்று திறப்பது இயலாத செயல். லினக்ஸில் லக்ஸ், விண்டோஸில் பிட்லாக்கர் ஆகியவை முழு வட்டையும் இவ்வாறு மறையாக்கம் செய்ய உதவுகின்றன. ஆனால் திறவுகோலைத் தொலைத்தால் நமக்கும் கோப்பு இல்லை என்பதை மறக்கலாகாது.

சிலர் கோப்பின் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தோ, விண்டோஸில் 'மறை' என்ற குறியைத் தட்டியோ திருப்தி அடைகின்றனர். சாவியை மிதியடிக்குக் கீழே வைப்பதைப் போன்றது இது. 1883ஆம் ஆண்டிலேயே கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர், பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாத வரை பொருள் காக்கப்பட வேண்டும் என்ற கருத்தை வகுத்தார். மறைத்து வைப்பது காவலாகாது.

மாற்றத்தைக் கண்டறிதல்

காவலை மீறி ஒருவர் கோப்பை மாற்றிவிட்டால் எப்படி அறிவது? இதற்கு 2003 நவம்பரில் நிகழ்ந்த ஒன்று நல்ல பாடம். லினக்ஸ் கருவின் மூல நிரல் ஓர் இடத்தில் காக்கப்பட்டு, அதன் படி ஒன்று வேறொரு வழங்கியிலும் வைக்கப்பட்டிருந்தது. யாரோ அப்படிக்குள் நுழைந்து இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டனர். பார்ப்பதற்குச் சாதாரணப் பிழைச் சோதனை போலவே இருந்தது. ஆனால் பயனர் எண் சுழியா என்று ஒப்பிடும் '==' என்ற குறி இருக்க வேண்டிய இடத்தில் '=' என்று மட்டும் இருந்தது. சி மொழி படிக்கும் நம் அனைவருக்கும் இதன் பொருள் தெரியும். ஒப்பிடுவதற்குப் பதிலாகப் பயனர் எண்ணைச் சுழியாகவே ஆக்கிவிடும். சுழி என்றால் தலைமை நிர்வாகி! அந்த நிரல் உலகெங்கும் பரவியிருந்தால் சாதாரணப் பயனர் எவரும் தலைமை நிர்வாகியாகும் வழி ஒவ்வொரு கணிப்பொறியிலும் திறந்திருக்கும்.

அது பிடிபட்டது எவ்வாறு? மூலத்தையும் படியையும் ஒப்பிட்டபோது, மூலத்தில் இல்லாத மாற்றம் படியில் இருந்தது. எனவே கோப்புகளின் 'ஹாஷ்' எனப்படும் சுருக்க எண்ணைக் கணக்கிட்டு வேறிடத்தில் குறித்து வைப்பது நன்று. ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். லினக்ஸ் கருவுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற அமைப்பு ஒவ்வொரு மாற்றத்தையும் இத்தகைய எண்ணோடு பிணைத்து வைக்கிறது. எவர், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும் கிடைக்கிறது.

ஆனால் அவ்வரலாறே நமக்கு எதிராகவும் திரும்பலாம். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி, மறுநாள் அழித்துவிட்டேன் என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. முந்தைய நாள் பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும். ஒருமுறை வெளிப்பட்ட கடவுச்சொல்லை மாற்றுவதே சரியான வழி.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பாதுகாப்புக்கான நெறிகள் சிலவற்றைத் தொகுத்தனர். அவற்றுள் இரண்டு நமக்கு மிகத் தேவை. ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டும் கொடு என்பது ஒன்று. எல்லாவற்றையும் மூடி வைத்து வேண்டியதை மட்டும் திற என்பது மற்றொன்று. நான் செய்தது இதற்கு நேர்மாறு. இவற்றை நம் ஆய்வக வாழ்வுக்குப் பொருத்திப் பார்த்தால் பின்வருவன கிடைக்கின்றன:

1. 777 என்ற எண்ணை மறந்துவிடுக. தடை வந்தால் காரணத்தைத் தேடுக. கதவைக் கழற்றி எறியாதீர்.

2. கோப்பின் உரிமையைப் பார்க்கும்போதே கோப்புறையின் உரிமையையும் பார்க்க.

3. 'யூமாஸ்க் 077' என்று அமைத்தால் புதிதாக உண்டாகும் கோப்புகள் 600 என்றும் கோப்புறைகள் 700 என்றும் தாமே மூடியபடி பிறக்கும்.

4. கடவுச்சொல்லை நண்பருக்கும் தராதீர், நிரலுக்குள்ளும் எழுதாதீர். எழுந்து போகும்போது கணக்கை மூடிவிட்டுச் செல்க.

5. வேறிடத்தில் ஒரு படி எப்போதும் இருக்கட்டும். எல்லாக் காவலும் தோற்றபின் கைகொடுப்பது அதுவே.

சட்டத்தின் பார்வை

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இவற்றைக் குற்றமாகக் கருதுகிறது. அனுமதியின்றிக் கணிப்பொறியை அணுகுவதும் படி எடுப்பதும் 43ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுக்கு உரியவை. அவற்றை நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். அன்று வகுப்பறையில் நான் அதைப் பார்க்கவில்லை.

முடிவுரை

கோப்பைக் காப்பது என்பது ஒரே ஒரு பூட்டோடு முடிவதில்லை. கோப்பின் உரிமை, கோப்புறையின் உரிமை, மறையாக்கம், மாற்றத்தைக் காட்டும் குறி, மாற்றுப் படி என்று ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் வரிசை அது. அவ்வரிசையில் மிக மெலிந்த இடம் எதுவோ அதுவே நம் பாதுகாப்பின் அளவு.

என் நிரல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதி என் நோட்டில் கையெழுத்தாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தயங்கி நின்ற என்னைப் பார்த்து நண்பனே, "நோட்ட எடு, நீ வாசி, நான் அடிக்கிறேன்" என்றான். மூன்று மாலைகள் நான் வாசிக்க அவன் தட்டச்சு செய்தான். நான்காம் நாள் கூலிக் கணக்கு ஓடியது. இம்முறை கோப்பின் பெயர் 'பில்.சி' அன்று, இருந்த கோப்புறையும் 777 அன்று.

காவல் என்பது பிறர்மீது கொண்ட ஐயத்தால் பிறப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கை தவறிய ஒரு நல்லவனைத் திருடன் என்று அழைக்கும் நிலை வராமல் காப்பதும் காவலே. பூட்டை மட்டும் பாராமல் நாதாங்கியையும் பார்ப்போமாக!